கதவு மூடும் சரணம்

சென்ற மாதம், நான் பணியாற்றிய இசைக் கல்லூரியிலிருந்து இளைய பக்கவாத்தியக்காரர்கள் இருவர் நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தனர். ஒத்திகை அறைகளில் பியானோ வாசிப்பவருக்குப் பதிலாக இனி ஒரு மென்பொருளைப் பயன்படுத்தக் கல்லூரி முடிவு செய்திருக்கிறதாம். பாடுபவர் தயங்கினால் அதுவும் தயங்கும். விரைந்தால் அதுவும் விரையும். சோர்வடையாது, விடுப்பும் கேட்காது. "பின்தொடர்வதுதான் நம் வேலை என்றால், அது நம்மைவிட எதில் குறைவு?" என்று இருவரும் கேட்டனர். அவர்கள் சென்ற பின் நினைவில் எழுந்தவற்றை நம் தமிழ்ச் சங்க மலருக்காக எழுதுகிறேன். இது அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாகுமா என்பதில் எனக்கு இப்போதும் உறுதியில்லை.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஈரோட்டில் பிறந்தேன். குன்னூரில் படித்த விடுதிப் பள்ளியில் ஒரு பியானோ இருந்தது; அதைக் கற்பிக்க ஒரு கன்னியாஸ்திரி இருந்தார். சென்னையில் ஜெர்மன் மொழி படித்தேன். அமெரிக்காவுக்கு வந்து, ஜெர்மன் கலைப்பாட்டில் கவிதையின் வடிவத்துக்கும் இசையின் வடிவத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றேன். இலக்கியத் துறைகளில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. நியூ ஜெர்சியில் ஓர் இசைக் கல்லூரி, கவிதையை விளக்கவும் அதே பாட்டுக்குப் பியானோ வாசிக்கவும் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தது. அங்கே சேர்ந்தவன், ஓய்வு பெறும் வரை வேறெங்கும் செல்லவில்லை.

இந்தக் கலைப்பாட்டை ஜெர்மானியர் 'லீட்' என்பர். பாட்டு என்பதே பொருள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இது வீட்டுக் கூடத்தில் பாடும் எளிய பாட்டாகத்தான் இருந்தது. ஒரே மெட்டு எல்லாச் சரணங்களுக்கும் திரும்பத் திரும்ப வரும். இசை கவிதையின் மேல் ஏறி அமரக்கூடாது என்பது அக்காலக் கவிஞர்கள் பலரின் விருப்பம். அடுத்த தலைமுறையில், குறிப்பாக வியன்னாவில், அந்த அமைதி குலைந்தது. கவிதை தனிமனிதனின் உள்ளத்தைப் பேசத் தொடங்கியிருந்தது. முதற் சரணத்தில் நம்பியவன் மூன்றாம் சரணத்தில் நம்பிக்கையிழந்தால், அதே மெட்டு எப்படிப் பொருந்தும்? எனவே மெட்டு சரணத்துக்குச் சரணம் மாறலாயிற்று. பியானோவும் வெறும் சுருதித் துணையாக இருப்பதை விட்டு, பாடுபவர் அறியாததை அறிந்த மற்றொரு குரலாயிற்று. பிறகு வந்தவர்கள் இன்னும் ஓரடி சென்றார்கள். பாடுபவர் வாய் மூடிய பின்னும் பியானோ தனியே தொடர்ந்தது. கவிதை சொல்லாமல் விட்டதை அந்தப் பின்னிசை சொல்லி முடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மெட்டு பேச்சின் ஏற்ற இறக்கத்தையே பின்பற்றத் தொடங்கியது.

நம் சங்கீதத்தில் வளர்ந்தவர்க்கு இதில் கடினமானது ஒன்று உண்டு. நாம் ஒரு வரியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பவர்கள். சங்கதி சங்கதியாக அது விரிய வேண்டும். இங்கே அந்த உரிமை பாடுபவருக்கு இல்லை. இசையமைப்பாளர் எழுதிய இடத்தில் மட்டுமே வரி திரும்பி வரும். மற்ற இடங்களில் சொல் ஒருமுறை ஒலித்து, நம்மைக் கடந்து சென்றுவிடும்.

குரலிசைத் துறைக்கு ஹெல்கா என்ற அம்மையார் தலைவராக இருந்தார். நான் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை என்னை "ஹெர் டாக்டர்", அதாவது திரு. முனைவர், என்றே அழைத்தார். யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. ஒரு பாட்டு சரியாக அமைந்துவிட்டால் அடுத்த பாட்டின் பக்கத்தைத் திருப்புவார், அதுவே பாராட்டு. புதிய பாட்டுடன் மாணவர் வந்தால் முதலில் பியானோவின் மூடியைத் தாமே இறக்கி, அதன்மேல் உள்ளங்கையை வைப்பார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, வாகன நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி நிற்பார். மாணவர் கவிதையைப் பேச்சாகச் சொல்ல வேண்டும். யார் பேசுகிறார், யாரிடம், அவர் நிற்குமிடத்தில் வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று கேட்பார். விடை திருப்தியாக இல்லையென்றால் அன்று மூடி திறக்காது. சில மாணவர்களுக்கு மூன்று வாரங்கள் திறக்காமலிருந்ததும் உண்டு.

எனக்கு அவர் கற்பித்தது ஒன்றே. ஜெர்மன் சொற்கள் பல மெய்யெழுத்துக் குவியலோடு தொடங்குபவை. தாளத் தட்டில் விழ வேண்டியது உயிரெழுத்து; மெய்கள் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும். ஆகவே பியானோ வாசிப்பவன் பாடுபவரின் உதட்டையும் மூச்சையும் கவனித்து, மெய் முடிந்து உயிர் பிறக்கும் அந்த இடத்தில் விரலை இறக்க வேண்டும். "நீங்கள் தாளத்தோடு வாசிக்கிறீர்கள், ஹெர் டாக்டர். மனிதரோடு வாசியுங்கள்" என்று முதல் ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் ஆண்டு முதல் சொல்லவில்லை.

என் மனைவி சாந்தா மருந்தாளுநர். ஜெர்மன் ஒரு சொல்லும் அறியாதவள். ஆனால் நான் வாசித்த ஏறத்தாழ எல்லாப் பாட்டுகளின் பொருளும் அவளுக்குத் தெரியும். அவற்றை இரவு உணவின்போது தமிழில் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். அவளிடம் சொல்லும்போது தடுமாறினால், அந்தக் கவிதை எனக்கே இன்னும் விளங்கவில்லை என்று பொருள்.

இனிச் சொல்லப்போவது என் பணியின் கடைசி ஆண்டில் நடந்தது.

வசந்தி பக்கத்து ஊரான மான்மவுத் ஜங்ஷனில் வசிப்பவர்; எங்கள் வீட்டுக்கு வந்துபோவார், சாந்தாவை அறிந்தவர். நாற்பது வயதைக் கடந்தவர். சென்னையில் பதினைந்து ஆண்டுகள் கர்நாடக சங்கீதம் பயின்றவர். இங்கே மென்பொருள் நிறுவனத்தில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டு, எங்கள் கல்லூரியில் முதுகலைப் படிப்பில் சேர்ந்தார். ஓர் உள்ளூர்க் கல்லூரியில் குரலிசை கற்பிக்கும் பணி அவருக்கென உறுதியாகியிருந்தது. பட்டம் கைக்கு வந்தால் மட்டுமே அது கிடைக்கும். பட்டத்துக்கு இறுதி அரங்கேற்றத் தேர்வில் தேற வேண்டும். தவறினால் அதே பாட்டுகளோடு இன்னொரு முறை நிற்கலாம். மூன்றாம் வாய்ப்பு இல்லை.

அவர் பாட வேண்டிய பாட்டுகளில் ஒன்று, இன்று பெரும்பாலும் மறக்கப்பட்ட ஒரு கவிஞருடையது. மூன்று சரணங்கள். ஒருவன் வீட்டின் தோட்டக் கதவருகே நிற்கிறான். முதற் சரணத்தில், அவள் சந்தையிலிருந்து வருவாள், கதவு திறந்தே இருக்கட்டும் என்கிறான். இரண்டாவதில் மழை பிடித்துக்கொண்டது, அவள் ஓடி வருவாள், கதவு திறந்தே இருக்கட்டும் என்கிறான். இரண்டுக்கும் ஒரே மெட்டு. மூன்றாவதில் மெட்டு மாறி, அதுவரை தொடாத கீழ்ச்சுரங்களில் இறங்குகிறது. அவள் வரமாட்டாள் என்று அவன் சொல்கிறான், கதவை மூடுகிறான். இரண்டும் ஒரே ஒருமுறைதான் பாடப்படும். அதன்பின் பியானோ மட்டும் சிறிது தூரம் செல்கிறது.

இதைச் சாந்தாவிடம் சொன்னபோது, அவள் தட்டிலிருந்து தலையை உயர்த்தாமலே கேட்டாள்:

"தாழ்ப்பாள் போட்டானாமா?"

"கவிதையில அது இல்லை."

"அப்ப மூடலீங்க. காத்துக்குச் சாத்தியிருக்கான், அவ்வளவுதான்."

அது குளிர்காலம். அடுத்த சில வாரங்களில் அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. தேர்வு மார்ச் மாதத்தில் வந்தது. அன்று காலை அவளுக்கு முதல் முறை மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். மகள் டெக்சாஸிலிருந்து வந்து உடனிருந்தாள். நான் மருத்துவமனையிலிருந்து நேரே அரங்குக்குச் சென்றேன்.

முதற் பாட்டுகள் நன்றாகவே அமைந்தன. தோட்டக் கதவுப் பாட்டில் இரண்டாம் சரணம் முடிந்து, மூன்றாம் சரணத்துக்கு இட்டுச்செல்லும், பியானோ மட்டும் ஒலிக்கும் இரண்டு சுரக்கட்டுகளை வாசித்தேன். வசந்தி மூச்சை இழுத்தார். மூன்றாம் சரணத்தின் முதற் சொல்லுக்கு உரிய உதட்டசைவு வரவில்லை. இரண்டாம் சரணத்தின் கடைசி வரிக்கு அவர் திரும்பிச் சென்றுகொண்டிருந்தார். 'கதவு திறந்தே இருக்கட்டும்' என்ற வரியை மீண்டும் எடுத்தார். இந்த முறை நடுவில் ஒரு சுரத்தை உயர்த்தி, வளைத்து, இறக்கினார். சந்தேகமே இல்லாத சங்கதி. சாகித்யம் மறந்தால் நிறுத்தாதே, அந்த வரியையே இன்னொரு சங்கதியாகப் பாடு, மறந்தது தானே வரும் என்பது நம் பாட்டு வகுப்புகளில் எல்லாரும் கற்றது. என் விரல்கள் என்னைக் கேட்காமலே அவரோடு திரும்பிச் சென்றன. உயர்த்திய சுரத்துக்கு ஏற்ற சுரச்சேர்க்கையை இடக்கை கண்டுபிடித்தது. வரி முடிந்தது. இரண்டு சுரக்கட்டுகளை மறுபடி வாசித்தேன். இப்போது மூன்றாம் சரணம் வந்தது. ஆனால் அவர் அதைப் பாடவில்லை, சொற்களை ஒப்பித்துக் கடந்தார்.

தேர்வுக் குழுவில் மூவர். இருவர் அதை வேறு பதிப்பில் உள்ள திருத்தம் என்றே எண்ணிவிட்டார்கள். மூன்றாமவரான ஹெல்கா என்னைத் தனியே அழைத்தார்.

"திரும்பிச் சென்றது யார்?"

எங்கள் தொழிலில் ஒரு மரபு உண்டு. மேடையில் பிழை யாருடையதாயினும் அதை ஏற்றுக்கொள்வது பியானோவில் இருப்பவன். "நான் பக்கத்தைத் தவறாகத் திருப்பிவிட்டேன்" என்றேன்.

"இந்தக் கட்டடத்தில் நீங்கள் பக்கத்தைத் தவறாகத் திருப்பியதே இல்லை. இந்த வயதில் என்னை அவமதிக்கத் தொடங்க வேண்டாம்."

நான் இசைத்தாள்களைப் பைக்குள் வைக்கத் தொடங்கினேன்.

"மிக அழகாகப் பின்தொடர்ந்தீர்கள். அதனால்தான் அந்த இருவருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த மனிதன் அவ்வரியை மூன்றாம் முறையும் சொல்லிவிட்டால், பிறகு அவன் கதவை மூடுவதை யார் நம்புவார்கள்? இந்தக் கவிதையில் இருப்பதே அந்த ஒரு செயல்தான். அவர் அதைச் செய்யவில்லை."

மூவரின் கையெழுத்தும் வேண்டும், ஹெல்கா இடவில்லை; வசந்தி தேர்வில் தவறினார். வாகன நிறுத்துமிடத்தில் அவருடைய கணவர் சுரேஷ் காரைத் திறந்துவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"ஸாரி அங்கிள். டோட்டலா பிளாங்க் ஆயிட்டேன்," என்றார் வசந்தி.

"எனக்கு அந்த ஒரு லைன்தான் அங்கிள் புடிச்சிது," என்றார் சுரேஷ். "மீதியெல்லாம் சர்ச் மாதிரி இருந்துச்சு. அது மட்டும்தான் கச்சேரி."

"நீ கொஞ்சம் வாய மூடிட்டு டிரைவ் பண்றியா?"

"இன்னொரு செமஸ்டர் டிரைவ் பண்ணத்தான போறேன்."

மருத்துவமனையில் சாந்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தால் வலிக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தும் சிரித்தாள்.

"ஏனுங்க, இத்தனை வருசமா வெள்ளைக்காரன் பாட்டு வாசிச்சும் உங்களுக்குள்ள நம்மூரு பஜனை மடம் போவலையே!" பிறகு, "அந்தப் புள்ளைக்கு மறுக்காவும் நீங்களே வாசிங்க. பாதில யாரு கைலயும் உட்டுப்போட்டு வந்துராதீங்க" என்றாள்.

ஆகஸ்ட் மாதத்தில் அவள் இறந்தாள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

செப்டம்பரில் ஒத்திகை மீண்டும் தொடங்கியது. பிற பாட்டுகளில் வசந்தி முன்னைவிடத் தேர்ந்திருந்தார். தோட்டக் கதவுப் பாட்டை மட்டும் அவர் எடுக்கவில்லை. ஒரு நாள் தொண்டை சரியில்லை என்றார். இன்னொரு நாள், "அதான் தெரியுமே அங்கிள், அடுத்தத பாக்கலாம்" என்றார். மூன்றாம் வாரம் ஹெல்கா என்னைத் தம் அறைக்கு அழைத்தார்.

"உங்கள் பாடகி அந்தப் பாட்டை மாற்றித் தரும்படி கேட்கிறார். விதி இடம் தராது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் இரண்டு முறை கேட்டுவிட்டார். காரணம் சொல்ல மறுக்கிறார். ஹெர் டாக்டர், உங்களால் அந்தப் பாட்டை வாசிக்க முடியுமா?"

"முடியும்."

"அவர் அப்படி நினைக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது."

மறுநாள் பிற்பகல் ஒத்திகை அறையில் நான் பியானோவைத் திறக்கவில்லை. "பாட்டை மாத்தணும்னு கேட்டியாமே?" என்றேன்.

அவர் இசைத்தாள்களை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

"மார்ச்ல நான் பிளாங்க் ஆகல அங்கிள்."

அடுக்கிய தாள்களைப் பியானோவின் மூடிமேல் வைத்தார்.

"வார்த்தை நாக்குலயே இருந்துச்சு. பாடறதுக்கு முன்னாடி உங்க பக்கம் திரும்பினேன். கார்த்தாலதான் ஆன்ட்டிக்கு கீமோ ஸ்டார்ட் பண்ணாங்கன்னு சொல்லியிருந்தீங்க. நீங்க பாட்டுக்கு அடுத்த வரிக்கு ரெடியா உக்காந்திருக்கீங்க. உங்க முகத்தப் பாத்துட்டு, அவ வரமாட்டா, கதவ மூடறேன்னு நான் எப்படி அங்கிள் வாயால சொல்றது? வரல. வேற என்ன பண்றதுன்னு தெரியல, அந்த வரியையே திருப்பி எடுத்துட்டேன். அது திறந்தே இருக்கட்டும்னு."

"ஜெர்மன்தானே, வசந்தி."

"ஜெர்மன்தான். ஆனா உங்களுக்குப் புரியுமே."

முனைவர் பட்டத்துக்காக நான் எழுதிய முந்நூறு பக்கங்களிலும் இப்படி ஒரு தடையை நான் எண்ணிப்பார்த்ததில்லை. நம் வீடுகளில், நோயுற்றவரின் கணவன் எதிரில் 'வரமாட்டாள்' என்ற சொல்லை எவரும் உச்சரிக்க மாட்டார்கள். இழந்தவன் எதிரிலும் மாட்டார்கள். இழவுக்கு வந்தவர்கள் என்னிடம் உடல்நிலையைப் பற்றியும் உணவைப் பற்றியும் விமானங்களைப் பற்றியும் பேசினார்கள். இவரும் அந்த நாகரிகத்தில் வளர்ந்தவர். ஒரு பட்டத்தையும் ஒரு வேலையையும் அதற்காக இழக்க இருந்தார், என்னிடம் சொல்லாமலே.

"இப்ப அது நடந்தே போச்சு," என்றார். "இப்ப எப்படிப் பாடறது சொல்லுங்க. வேற யாராவது வாசிக்கட்டும். சத்தியமா நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

வேறொருவரை அமர்த்துவது எளிது. பக்கத்து அறையிலேயே இருவர் இருந்தனர். அதைச் சொல்ல வாயெடுத்தவன் வேறொன்றைச் சொன்னேன்.

"சாந்தா வரமாட்டா, வசந்தி."

அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

"இதை இன்னும் யார்கிட்டயும் வாய்விட்டுச் சொல்லல. பொண்ணுகிட்டகூட. அவளும் என்கிட்டச் சொல்லல. வீட்டுல ரெண்டு பேரும் அந்தச் சொல்லைச் சுத்திச் சுத்தி நடந்துட்டிருக்கோம். அதை ஒருத்தராவது என் பக்கத்துல நின்னு, நேராச் சொல்லி, நான் கேக்கணும். தப்பில்லை. பாடு."

அவர் கைகளை இறக்கினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டெம்போ கொஞ்சம் ஸ்லோவா வெச்சுக்கலாமா?" என்றார்.

"கூடாது. எழுதியிருக்கிற வேகத்துல."

"ஆன்ட்டி சொன்னது சரிதான். வீட்டுலயும் நீங்க இப்படித்தானாம்."

பியானோவைத் திறந்தேன். அன்று மூன்றாம் சரணத்தில் இரு முறை குரல் உடைந்தது. அடுத்த வாரம் ஒரு முறை. அதற்கடுத்த வாரம் உடையவில்லை. ஆனால் அவர் அச்சொற்களை மென்மையாக்கி, மன்னிப்புக் கேட்பதுபோல் பாடினார். "அவன் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கல" என்றேன். அவ்வளவே நான் சொன்னது. எஞ்சிய தூரத்தை அவர் தனியே கடந்தார்.

இரண்டாம் தேர்வு அக்டோபரில் ஒரு பிற்பகல். அதில் அவர் தேறினார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூவரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டனர். ஜனவரியில் அவர் அந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். நான் சொல்ல விரும்புவது அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியை மட்டுமே.

இரண்டாம் சரணம் முடிந்தது. இரண்டு சுரக்கட்டுகளை எழுதியுள்ள வேகத்திலேயே வாசித்தேன். வசந்தி மூச்சை இழுத்தார். முதற் சொல்லின் மெய்யொலிகள் அவர் உதட்டில் திரண்டன. உயிர் பிறந்த இடத்தில் என் விரல் இறங்கியது. அவள் வரமாட்டாள் என்று அவர் பாடினார். உரக்க அல்ல. நடந்ததை நடந்தது என்று சொல்லும் குரலில். அடுத்த வரியில் கதவு மூடியது. எங்கும் ஒரு சுரமும் உயரவில்லை, வளையவில்லை. அச்சொற்கள் என் காதில் விழுந்தன. பின் கடந்து சென்றன. அவற்றைத் திரும்ப அழைக்க எனக்கு வழியில்லை. அழைக்க வேண்டும் என்று கைகள் கேட்டன, முன்னே சென்றேன்.

அதன்பின் பின்னிசை. அதில் பாடுபவருக்கு வேலை இல்லை; அசையாமல் நின்று, பாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அது பாடுவதைவிடக் கடினம் என்பதைப் பாடுபவர் அனைவரும் அறிவர். என் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்கு அவ்வளவு நேரமும் இருந்தது. அரங்கில் என் முகத்தைக் காணக்கூடிய இடத்தில் நின்றவர் அவர் ஒருவரே.

மார்ச்சில் திரும்பியவர், இந்த முறை திரும்பவில்லை. கடைசிச் சுரம் அடங்கும் வரை, எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். என் வாழ்நாளில் எனக்குச் செய்யப்பட்ட மரியாதைகளுள் அதற்கு இணையாக நான் வேறொன்றையும் வைப்பதில்லை.